ஊரைக் காக்கும் படிப்பு

(கீழ்பென்னாத்தூர்ப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

மேடையேறுமுன் ஒரு பெரியவர் என் கையைப் பற்றிக்கொண்டார். வேர்க்கடலை பயிரிடும் உழவர். "தம்பி, என் மகள் சுற்றுச்சூழல் அறிவியல் படிக்கப் போகிறேன் என்கிறாள். அது என்ன படிப்பு? அதைப் படித்தால் சோறு கிடைக்குமா?" என்று கேட்டார். மேடையிலே விடை சொல்லுகிறேன் ஐயா என்றேன். அவர் முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். இதை ஏட்டிலே படிக்கும் தோழரே, உமது இல்லத்திலும் இதே கேள்வி எழக்கூடும். ஆகவே உமக்கும் சேர்த்தே சொல்லுகிறேன்.

கேட்கப்பட்டது படிப்பைப் பற்றி. விடை சொல்ல வந்தவனோ பட்டம் பெறாதவன்! நகைப்பீர்கள், நகையுங்கள். நாடக மேடை அழைத்தது, பேச்சு மேடை இழுத்தது, கல்லூரிப் படிப்பு பாதியிலே நின்றது. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. பொருளைப் பறிகொடுத்தவனுக்குத்தானே அதன் விலை தெரியும்!

நான் பயின்ற சிறிது காலத்தில் 'சுற்றுச்சூழல் கல்வி' என்றொரு தாள் இருந்தது. நடத்தியவர் அலட்சியமாக நடத்தினார். நாங்கள் அதனினும் அலட்சியமாகக் கேட்டோம். தேர்வுக்கு முதல்நாள் இரவு பத்து வினா, பத்து விடை, மனப்பாடம்! தேறினேன், மறுநாளே மறந்தேன். அந்தத் தாள் எங்கிருந்து வந்தது என்று அன்று நான் கேட்கவில்லை. பிறகுதான் அறிந்தேன்.

1976-இல் 42-ஆவது திருத்தத்தின் வழியே, காட்டையும் ஏரியையும் ஆற்றையும் காப்பது குடிமகனின் கடமை என்று அரசியல் சட்டத்தில் எழுதினார்கள். கடமை என்று எழுதினால் போதுமா? கடமையைக் கற்பிக்க வேண்டாமா? எம்.சி. மேத்தா என்ற வழக்கறிஞர் இதைக் கேட்டு உச்சநீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். 1991 நவம்பர் 22-ஆம் நாள், சுற்றுச்சூழலைக் கல்வி நிலையங்களில் கட்டாயப் பாடமாக்குக என்றது மன்றம். ஆண்டுகள் பல உருண்டன. 2003-இல் மன்றம் மீண்டும் கண்டிப்புக் காட்டிய பிறகே, பட்டப்படிப்பு மாணவர் அனைவருக்குமான ஆறு மாதப் பாடம் வந்து சேர்ந்தது. வழக்காடிப் பெற்ற பாடம், தோழர்களே! அதைத்தான் ஓரிரவில் விழுங்கி, ஒரு பகலில் உமிழ்ந்தேன்.

அந்தப் பாடம் இல்லாததால் நேர்ந்தது என்ன? தொலைவுக்குப் போக வேண்டாம். நம் திருவண்ணாமலை, 1989 வரை வட ஆர்க்காட்டோடு ஒன்றாயிருந்த மண். அங்கே பாலாறு. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டையிலே தோல் பதனிடும் ஆலைகள். செருப்பு சீமைக்குப் போயிற்று. கழிவு கழனிக்கு வந்தது. உப்பும் குரோமியமும் மண்ணிலே இறங்கின; கிணற்று நீர் நிறம் மாறிற்று. ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழாயிற்று என்ற கணக்கு உச்சநீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. 1996 ஆகஸ்ட் 28-ஆம் நாள் வந்த அந்தத் தீர்ப்புதான், மாசு செய்தவனே ஈடு கொடுக்க வேண்டும் என்ற நெறியை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக்கிற்று.

அந்த 35,000 எக்டேர் என்ற எண் எப்படிக் கிடைத்தது? கண்ணீர் எண் தருமா? முழக்கம் எண் தருமா? வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் ஆய்ந்து அளந்து சொன்ன எண் அது. உழவன் அழுதான், அறிவியல் அளந்தது, மன்றம் நம்பிற்று. அளந்து சொல்ல ஆளில்லையேல் அழுகை காற்றோடு போயிருக்கும்!

இன்னொன்று சொல்லுகிறேன், நெஞ்சு கனக்கச் சொல்லுகிறேன். 2024 டிசம்பர் முதல் நாள். பெஞ்சல் புயலின் பெருமழை. திருவண்ணாமலை நகரிலே வ.உ.சி. நகரில் மலைச்சரிவு மண்ணும் பாறையுமாக இறங்கிற்று. 7 உயிர்கள் மாண்டன; அவர்களில் 5 பேர் குழந்தைகள். தீபம் காண ஊரே அண்ணாந்து நோக்கும் மலை அது. அதன் மண் எவ்வளவு நீர் தாங்கும் என்று எத்தனை பேர் நோக்கினோம்?

மழைநீர் மண்ணுக்குள் இறங்குகிறது. மண்ணின் எடை கூடுகிறது. துகள்களுக்கு இடையே நீரின் அழுத்தம் ஏறுகிறது. அவை ஒன்றையொன்று பற்றும் பிடி தளர்கிறது. அடியிலே பாறை, மேலே நனைந்த மண், நிலமோ சரிவு. எங்கே மரம் நிற்க வேண்டும், எங்கே வீடு நிற்கக்கூடாது, எத்தனை மழை பெய்தால் மக்களை எழுப்பி வெளியேற்ற வேண்டும் என்று கணக்கிடும் கல்விக்குத்தான் சுற்றுச்சூழல் அறிவியல் என்று பெயர். பெரியவரே, உங்கள் மகள் படிக்க விரும்புவது இதை!

நாடகக்காரன் அல்லவா, ஒரு காட்சி காட்டுகிறேன். ஊரருகே ஆலை வரப்போகிறது. 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். முப்பது நாள் முன்னதாக அறிவிப்பு, தமிழிலே சுருக்கம், முழு அறிக்கையோ ஆங்கிலத்திலே, தலையணைத் தடிமனில். உழவர் எழுகிறார்: "ஐயா, எங்கள் ஏரி என்னாகும்?" அதிகாரி புரட்டுகிறார்: "அறிக்கையில் பாதிப்பில்லை என்றிருக்கிறது." உழவர் அமர்கிறார். காட்சி முடிந்தது, ஏரியின் கதையும் முடிந்தது.

அதே காட்சி, மறுபடியும். இம்முறை எழுபவள் அவர் மகள். "நீர்மட்டத்தை எந்த மாதத்தில் அளந்தீர்கள்? மழைக்காலத்திலா, கோடையிலா? எத்தனை கிணறுகளில்? கழிவின் உப்பளவு என்ன? வாய்க்கால் எந்த ஏரியில் விழுகிறது?" அதிகாரி புரட்டுகிறார், புரட்டிக்கொண்டே இருக்கிறார்!

பெண்ணொருத்தி கேட்டால் நடக்குமா என்பீர்கள். அமெரிக்காவிலே உயிரியல் பயின்ற ரேச்சல் கார்சன் 1962-இல் ஒரு நூல் எழுதினார். பூச்சிமருந்து பறவையைக் கொல்லுகிறது என்றார். மருந்து வணிகர்கள் ஏசினார்கள். அவரோ சான்றுகளை அடுக்கினார். 1972-இல் டி.டி.டி.யை வயலில் தெளிக்க அந்நாடு தடை விதித்தது.

சரி, சோறு? பொய் சொல்ல மாட்டேன், பெரியவரே. பட்டம் வாங்கிய மறுநாள் பணி ஆணை வீடு தேடி வரும் என்று சொல்ல மாட்டேன். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், நீர் ஆய்வுக்கூடம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, ஆராய்ச்சி, ஆசிரியப் பணி என்று வழிகள் உண்டு, போட்டியும் உண்டு. வேதியியலும் கணக்கும் நன்றாகக் கற்றால் வழி விரியும். உழைக்கச் சொல்லுங்கள், தடுக்காதீர்கள்.

தோழரே, உமக்கும் ஒரு வேலை உண்டு. உம் ஊர் ஏரி எத்தனை ஏக்கர்? வரத்து வாய்க்கால் எங்கே அடைபட்டிருக்கிறது? உம் கிணற்றில் கோடையிலே நீர் எத்தனை அடியில் நிற்கிறது? குறித்து வையும். கிராம சபையிலே படித்துக் காட்டும். நாளை அந்தப் பெண் பட்டத்தோடு திரும்பி வருவாள். அவள் கையிலே கொடுக்க உம்மிடம் ஒரு குறிப்பேடாவது இருக்கட்டும்.

நான் தவறவிட்ட பாடத்தை அவள் படிக்கட்டும். பெரியவரே, விண்ணப்பத்தில் கையெழுத்திடுங்கள்.