இணையத்தில் எழுதுவோருக்கு ஒரு பாதுகாவலர்



பொருள் தொலைந்தால் அந்தோணியார், கொள்ளைநோய் வந்தால் செபஸ்தியார். கத்தோலிக்க வீடுகளில் எதற்கு எந்தப் புனிதரிடம் வேண்டுவது என்பதை யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை. பாட்டி வேண்டிக்கொள்வதைப் பார்த்தே பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். புதுப்புதுத் தொழில்கள் வரும்போது திருச்சபையும் அவற்றுக்கு ஆள் தேடியிருக்கிறது. 1951இல் திருத்தந்தை 12ஆம் பயஸ், தொலைத்தொடர்புக்குக் கபிரியேல் வானதூதரைப் பாதுகாவலராக அறிவித்தார். மரியாவிடம் செய்தி கொண்டுவந்தவர் அல்லவா! 1958இல் தொலைக்காட்சிக்கு அசிசி கிளாரா வந்தார். நோயில் படுத்திருந்த அவர், கிறிஸ்துமஸ் இரவில் கோவிலில் நடந்த வழிபாட்டைத் தம் அறையிலிருந்தே கண்டதாக மரபு. வானொலிக்காரர்களான நாங்கள் கபிரியேல் கணக்கில் சேர்த்தி.

அப்படியானால் இணையத்தில் எழுதுகிறவர்கள் யார் கணக்கில் வருவார்கள்?

பலரும் சட்டென்று சொல்லும் பெயர் செவில் நகரப் பேராயர் இசிதோர். 636இல் மறைந்தவர். தம் காலத்து அறிவையெல்லாம், இலக்கணத்திலிருந்து கப்பல், கருவி, விலங்குகள் வரை, ஒரே கலைக்களஞ்சியமாகத் தொகுத்தார். அது இருபது புத்தகம். சரியும் தவறும் கலந்தே உள்ளே கிடக்கும். அந்த வகையில் இணையத்துக்குப் பொருத்தமானவர்தான். ரோமிலிருந்து முறைப்படியான அறிவிப்பு இல்லாமலே மக்கள் அவரை இணையத்தின் பாதுகாவலர் ஆக்கிவிட்டார்கள். இன்னொருவர் கார்லோ அக்குதிஸ். 2006இல் தம் 15ஆம் வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்த இத்தாலியச் சிறுவர்; நற்கருணை அற்புதங்களுக்காக ஓர் இணையதளம் தொகுத்தவர். 2025 செப்டம்பரில் புனிதர் பட்டம் பெற்றார்.

இருவரையும் குறைசொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஒருவர் தகவலைச் சேர்த்துவைப்பவர்களுக்கான புனிதர், மற்றவர் கணினி தெரிந்தவர்களுக்கான புனிதர். நான் தேடுவது, ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு, முகம் தெரியாத ஒருவருக்குச் சூடாகப் பதில் தட்டிக்கொண்டிருக்கிறாரே, அவருக்கு ஓர் ஆள். அவருக்குக் கணினி பிரச்சினையே இல்லை, கோபம்தான் பிரச்சினை.

கோபம் என்றதும் எரோணிமுஸ் நினைவுக்கு வருகிறார். விவிலியத்தை லத்தீனுக்குக் கொண்டுவந்தவர், பெத்லகேமில் வாழ்ந்தவர். அவருக்கும் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போவில் இருந்த அகுஸ்தினாருக்கும் நடந்த கடிதச் சண்டையைக் கேட்டால், ஏதோ போன வாரம் நடந்தது போலவே இருக்கும். கலாத்தியர் திருமுகத்தில், பேதுருவைப் பவுல் எல்லார் முன்னிலும் கண்டித்தது உண்மையான கண்டிப்பா, பேசிவைத்துச் செய்ததா? பேசிவைத்ததுதான் என்று எரோணிமுஸ் எழுதியிருந்தார். வேதத்தில் ஒரு பொய்யை அனுமதித்தால் அப்புறம் எதைத்தான் நம்புவது என்று அகுஸ்தினார் கடிதம் எழுதினார். கொண்டுபோக வேண்டியவர் ஆயராக்கப்பட்டு ஊரிலேயே தங்கிவிட்டார். அகுஸ்தினார் மறுபடி ஒன்று எழுதினார். அதை எடுத்துச் செல்ல வேண்டியவர் கடலுக்குப் பயந்து பயணத்தை விட்டுவிட்டார். கடிதத்தின் நகல்கள் மட்டும் இத்தாலியில் கைமாறிக் கைமாறிச் சுற்றின. எழுதப்பட்டவருக்கு வரவில்லை, ஊரெல்லாம் படித்துவிட்டது! ஏட்ரியாட்டிக் கடலின் ஒரு தீவில் தற்செயலாகக் கண்ணில் பட்ட நகல் வழியாகத்தான் பெத்லகேமுக்கு விஷயம் எட்டியது. உமக்கு எதிராக அகுஸ்தின் புத்தகமே எழுதி ரோமுக்கு அனுப்பிவிட்டார் என்று ஏற்றிவிடவும் ஆட்கள் இருந்தார்கள். கிழவனை வம்புக்கு இழுத்துப் பேர் வாங்கப் பார்க்கிறாயா என்ற தொனியில் எரோணிமுஸ் பதில் போட்டார். அகுஸ்தினார் பொறுமையாக விளக்கம் சொல்லி, மனம் நோகச் செய்திருந்தால் மன்னிக்கும்படி கேட்டார். பல ஆண்டுகள் கழித்துச் சமாதானம் ஆயிற்று. பழைய நண்பர் ருஃபினுஸ் விஷயத்திலோ எரோணிமுஸ் இறங்கியே வரவில்லை. அந்த மனிதர் இறந்த பின்னும் அவரைத் தேள் என்றே எழுதினார். ஆக, நம் வியாதி அத்தனையும் அவருக்கும் இருந்தது. அதற்காகவே அவரைப் பிடிக்கும். பாதுகாவலராக வைக்கத்தான் தயக்கம்.

என் மனதில் இருப்பவர் பிரான்சிஸ் சலேசியார். தொன் போஸ்கோ தம் சபைக்கு வைத்த சலேசியர் என்ற பெயர் இவருடையதுதான். 1567இல் சவோயில் பிறந்தவர். 1594இல், இளம் குருவாக, ஜெனீவா ஏரியின் தென்கரையில் உள்ள ஷாப்லே பகுதிக்கு அனுப்பப்பட்டார். அங்கே ஏறக்குறைய எல்லாரும் கால்வினைப் பின்பற்றிய புரட்டஸ்தாந்தினர். அலன்ஜ் கோட்டையில் தங்கி, தினமும் நடந்து தோனோன் ஊருக்குப் போய்ப் பிரசங்கம் செய்வார். கேட்க ஆள் வராது. ஆகவே சொல்ல வேண்டியதைத் தாள்களில் எழுதி, வீட்டுக் கதவுகளின் கீழே செருகிவிட்டு வந்தார். இந்த ஒரு காட்சிக்காகவே அவரை முதல் இணைய எழுத்தாளர் என்று கொண்டாடுவோர் உண்டு. நான் அந்த அளவுக்குப் போகமாட்டேன். பின்னாளில் அந்தப் பகுதி கத்தோலிக்கத்துக்கு மாறியதில் தாள்களோடு சவோய் பிரபுவின் அதிகார அழுத்தமும் சேர்ந்திருந்தது. அதை மறைக்கக் கூடாது.

அவரைத் தேர்ந்தெடுக்க எனக்குக் காரணம் வேறு. உறவினரின் மனைவி ஒருவருக்கு ஆன்மிக ஆலோசனையாக அவர் எழுதிக்கொடுத்த குறிப்புகள், சலேசியார் அறியாமலே பிறர் கைக்குப் போயின. படித்த இயேசு சபைக் குரு ஒருவர் அச்சிடச் சொல்லி வற்புறுத்தவே, திருத்திச் சேர்த்து 1609இல் நூலாக்கினார். துறவிகளுக்கல்ல, குடும்பமும் வேலையுமாக இருப்பவர்களுக்கான பக்தி நூல் அது. அதில் புறங்கூறலுக்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. நேரடியாகத் திட்டுகிறவனை விட, முதலில் புகழ்ந்துவிட்டுப் பிறகு குத்துகிறவனே கொடிய விஷம் என்கிறார். நமக்குத் தெரியாத ஆளா? "தங்கமான மனுஷன்தான் சார், எனக்கு அவர்மேல ரொம்ப மரியாதை, ஆனா..." அந்த "ஆனா"வுக்குப் பிறகு வருவதை நாம் தினமும் கைபேசியில் படிக்கிறோம். சில நாள் எழுதவும் செய்கிறோம். நானூறு வருஷம் முன்பே அதைப் பிடித்துவிட்டார்.

இவரை 1923இலேயே திருத்தந்தை 11ஆம் பயஸ் கத்தோலிக்க எழுத்தாளர்களின் பாதுகாவலராக அறிவித்துவிட்டார். அவர் திருவிழாவான ஜனவரி 24 அன்றுதான் சமூகத் தொடர்பு நாளுக்கான திருத்தந்தையின் செய்தியும் வழக்கமாக வெளியாகும். நாஜிகளின் விளம்பரங்களை வெளியிடாதீர்கள் என்று பத்திரிகை பத்திரிகையாகச் சென்று சொல்லி, டாக்காவ் முகாமில் 1942இல் கொல்லப்பட்ட தித்துஸ் பிரண்ட்ஸ்மாவை நிருபர்களுக்குப் பாதுகாவலராக்கச் சொல்லிப் பத்திரிகையாளர்கள் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கோரிக்கை. இணையத்தில் எழுதுவோருக்குத் தனியாக ஒருவர் வேண்டுமென்றாலும் வழி இருக்கிறது. 1973இல் வந்த விதிப்படி, தேர்வு மக்களிடமிருந்து தொடங்க வேண்டும். பிறகு ஆயரின் ஒப்புதல், அதன் பிறகே ரோமின் உறுதிப்பாடு. அப்படி ஒரு தேர்வு நடந்தால் என் ஓட்டு சலேசியாருக்கு. எரோணிமுஸுக்கு ஒரு மெழுகுவர்த்தி மட்டும் ஏற்றிவைப்பேன். அவர் கோபித்துக்கொண்டால் யார் பதில் சொல்வது!