ஒலிபெருக்கி இல்லாத நாளில் ஒரு குரல்
(ஜூபிலி விழாக் கலை மாலையில் ஆற்றிய உரை)



இசையைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு விழாக் குழுவினர் நம்மைப் பணித்துள்ளனர். இசை என்றதும் நம் நினைவுக்கு வருபவர் நமது தென்காசிச் சீமையிலேயே பிறந்த ஒருவர். சங்கரன்கோவிலில் ரயிலேறித் தென்காசியைத் தாண்டினால் வருவது செங்கோட்டை. அங்கே 1906ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25ஆம் நாள் பிறந்தவர் எஸ்.ஜி. கிட்டப்பா. ராமகிருஷ்ணன் என்பது அவரது இயற்பெயர். நாட்டுக்கோ அவர் கிட்டப்பாதான்.

மேல்நாடுகளில் கதை முழுவதையும் பாட்டாலேயே நடத்திச் செல்லும் ஆப்பெரா என்ற இசை நாடகம் உண்டு. அதில் ஆண்களின் உயர்ந்த குரலுக்கு டெனர் என்று பெயர். அந்தக் குரலால் உலகப் புகழ் பெற்றவர் இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரில் 1873இல் பிறந்த என்ரிகோ கரூசோ. 1902இல் மிலான் நகரில் அவர் பாடிப் பதிவு செய்த இசைத்தட்டுகள் அவர் கால் வைக்காத ஊர்களுக்கெல்லாம் அவருடைய குரலைக் கொண்டு சென்றன. 1921இல் தமது 48ஆம் வயதில் அவர் காலமானார். நம் தமிழ் மேடையில் அத்தகைய இடம் யாருக்கு உண்டு என்று கேட்டால், பெரியவர்கள் தயங்காமல் சொல்லும் பெயர் கிட்டப்பா.

அந்த நாளைய நாடக மேடையைச் சற்று எண்ணிப் பாருங்கள். இரவு தொடங்கினால் விடியும் வரை நாடகம். பல ஊர்களில் மின்விளக்கும் கிடையாது, ஒலிபெருக்கியும் கிடையாது. தரை டிக்கெட்டில் கடைசி வரிசையில் துண்டை விரித்து உட்கார்ந்திருப்பவனுக்கும் வார்த்தை வார்த்தையாய்ப் பாட்டு கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அவன் சும்மா இருக்க மாட்டான்! ஆகவே குரல் உயர்ந்தால் மட்டும் போதாது. உயர்ந்த இடத்திலும் சுருதி விலகாமல், சொல் சிதையாமல் நிற்க வேண்டும். கிட்டப்பாவின் குரல் அப்படி நின்றது. சிறு வயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்து மேடையிலே பயின்ற குரல் அது. கன்னையா கம்பெனியின் தசாவதாரம் போன்ற நாடகங்களில் அது நாடெங்கும் புகழ் பெற்றது.

அவர் பாட்டுக்கு ஆர்மோனியம் வாசித்தவர் அவருடைய அண்ணன் காசி ஐயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் உருவாகி நம் நாட்டுக்கு வந்த கருவி ஆர்மோனியம். நாடகக் கொட்டகையிலும் அது குடியேறியது, நம் கோவில் பாடற்குழுவிலும் குடியேறியது. எனவே கிட்டப்பாவின் மேடைக்கும் நம் பாடற்குழுவுக்கும் ஒருவகையில் உறவு முறை உண்டு என்று சொன்னால் மிகையாகாது.

இலங்கையில் நாடகம் நடத்தச் சென்ற நாளில் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளும் அவரும் ஒரே மேடையில் பாடலாயினர். 1927இல் இருவரும் மணம் புரிந்தனர். கிட்டப்பா முன்னரே மணமானவர். அந்த இல்வாழ்வில் பிரிவும் கண்ணீரும் இருந்தன. பெரியோர் வாழ்வைப் பேசும்போது இதை மூடி மறைப்பது நேர்மையாகாது. குரல் வளம் வேறு, வாழ்க்கைச் சமநிலை வேறு. முன்னது இருந்தால் பின்னதும் தானே வந்துவிடும் என்று எண்ணி நம் பிள்ளைகள் ஏமாறலாகாது.

1933ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் கிட்டப்பா மறைந்தார். வயது 27! தமிழில் பேசும் படம் வந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. திரைப்படம் எதிலும் அவர் நடிக்கவில்லை. ஆகவே அவர் மேடையில் நடந்து வந்த அழகை இன்று காண வழியில்லை. பக்கத்துக்கு மூன்று நிமிடம் அளவே ஓடிய பழைய இசைத்தட்டுகளில் அந்தக் குரல் மட்டும் எஞ்சியிருக்கிறது. இரைச்சலுக்கு நடுவே அதைக் கேட்டாலும் உடல் சிலிர்க்கிறது.

அவர் விட்டுச் சென்ற செல்வம் இசைத்தட்டுகள் மட்டுமல்ல. சுந்தராம்பாள் இருபதுகளின் நடுவிலேயே வெள்ளை உடுத்தார். ஆண் நடிகருடன் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். 1935இல் வந்த நந்தனார் படத்தில் நந்தனாராகவே வேடமேற்றார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய் என்பது அந்நாளில் ஊரெல்லாம் பேச்சு. 1953இல் ஔவையாராக வந்தார். மேலவை உறுப்பினராகவும் விளங்கினார். 1980இல் மறையும் வரை, 47 ஆண்டுகள், இருவர் தொடங்கிய பாட்டை அவர் தனியாகவே பாடிக்கொண்டிருந்தார். துயரம் அவரை ஊமையாக்கவில்லை என்பதை நம் தாய்மார்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறோம்.

இவற்றை ஏன் இங்கே சொல்லுகிறோம்? இன்று நமக்கு ஒலிபெருக்கி உண்டு, கீபோர்டு உண்டு, செல்போனில் ஆயிரம் பாட்டு உண்டு. ஆனால் பாடுகிற வாய்கள் குறைந்து வருகின்றன. பாடற்குழுவில் நாலு பேர் மைக்கைப் பிடித்துப் பாட, மற்ற நாம் எல்லாரும் கேட்டுக்கொண்டு நிற்கிறோம். ஆண்டு விழாவுக்கோ பதிவு செய்த பாட்டுக்குப் பிள்ளைகளை ஆடவிட்டுக் கைதட்டி விடுகிறோம். கருவி வளர்ந்தது, குரல் மெலிந்தது. இந்த நிலை நீடித்தால் அடுத்த ஜூபிலியில் சுருதி சேர்ந்து பாட நம்மில் யார் இருப்பார்?

கிட்டப்பாவைப் போல் எல்லாரும் பாட முடியாது. அப்படிப் பாட வேண்டும் என்று யாரும் கேட்கவுமில்லை. வாரம் ஒரு மாலை, மைக்கை அணைத்துவிட்டு, ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு நம் சிறுவர் சிறுமியரை உட்கார வைத்துப் பாடச் சொல்வோம். கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி பாடச் சொல்வோம். பாட்டுத் தெரிந்த பெரியவர்கள் கூச்சப்படாமல் முன்வந்து கற்றுக் கொடுங்கள். செங்கோட்டையில் ஒரு காலத்தில் பிறந்த குரல் சங்கரன்கோவிலிலும் பிறக்கலாம். அதைக் கண்டு வளர்க்கும் பொறுப்பு நம்முடையது.