ரத்தப் பழியும் ராஜாவின் வரியும்



ஐரோப்பாவில் ஏட்ரியாடிக் கடலோரம் மாண்டினீக்ரோ என்று ஒரு சின்ன நாடு. முக்கால்வாசி மொட்டைப் பாறை. ஆடு மேய்ப்பதும், பாறை இடுக்கில் கிடைக்கும் கையகல மண்ணில் பயிர் வைப்பதும்தான் அந்நாளில் பிழைப்பு. எல்லையெங்கும் துருக்கி சுல்தானின் படை. சண்டைக்கு எதிரி வேண்டுமானால் அங்கேயே இருந்தான். ஆனால் இந்த ஏழைகள் குலம் குலமாகப் பிரிந்து தங்களுக்குள் வெட்டிக்கொண்டார்கள்.

ஒருவனைக் கொன்றுவிட்டால் ரத்தப் பழி. கொன்றவனைத் தேடிப் போவார்கள் என்றா நினைக்கிறீர்கள்? அவன் குலத்தில் எவன் அகப்பட்டாலும் சரி. பேர்போன ஆளாக இருந்தால் இன்னும் நல்லது! ஆண்கள் வெளியே தலைகாட்ட முடியாது. பெண்களைத் தொடுவது இழுக்கு என்பதால், காட்டு வேலையும் சுமையும் அவர்கள் தலையில். சமாதானம் பேசினால், பெரியவர்கள் 24 பேர் உட்கார்ந்து இரு பக்கத்துப் பிணங்களையும் காயங்களையும் எண்ணிக் கணக்குத் தீர்ப்பார்கள்.

ஆண்டவர் பிஷப். பிஷப்புக்குக் கல்யாணம் இல்லை. ஆகவே பட்டம் அவர் உறவில் அடுத்த தலைமுறைக்குப் போகும். பெத்ரோவிச் குடும்பத்தை விட்டு வெளியே போகாது! முதலாம் பேதரிடம் பட்டாளமும் இல்லை, வரிப்பணமும் இல்லை. குலங்களுக்குக் கடிதம் எழுதிக் கெஞ்சினார், சாபமிட்டார். 1798-ல் சட்டமும் செய்தார். 1830-ல் அவர் சாகும்வரை வெட்டு நிற்கவில்லை.

அடுத்து வந்த இரண்டாம் பேதர் கெஞ்சவில்லை. கவர்னர் பதவியைப் பரம்பரையாக வைத்திருந்த ரதோனிச் குடும்பத்தை ஒழித்துக்கட்டினார். இரு குடும்பமும் நியெகுஷி என்ற ஒரே ஊர்! செனட் வந்தது, காவல்படை வந்தது, வரியும் வந்தது.

1852-ல் தனிலோ, பிஷப் பட்டம் வேண்டாமென்று இளவரசரானார். பழி வாங்கினால் கொன்றவனைத்தான் வாங்கலாம், அவன் அண்ணன் தம்பியைத் தொடக்கூடாது என்றது அவருடைய 1855 சட்டம். நல்ல சட்டம்தான், மறுக்கவில்லை. மறுவருஷமே நடந்தது என்ன? அவருடைய ஆட்சிக்கும் வரிக்கும் கட்டுப்பட மறுத்த கூச்சி குலத்தின்மேல், அவருடைய அண்ணன் மிர்கோ படையோடு பாய்ந்தார். குழந்தைகள்கூடத் தப்பவில்லை. சட்டம் குடிகளுக்குத்தான் போலும்!

1860-ல் கோட்டோர் துறைமுகத்தில் தனிலோவைச் சுட்டுக் கொன்றார் தோதர் காதிச். அவர் பியெலோபாவ்லிச்சி குலத்தவர். அதுவும் தனிலோவை எதிர்த்துக் கிளம்பி அடக்கப்பட்ட குலம். தனிலோவுக்கு ஆண் வாரிசு இல்லை. பட்டத்துக்கு வந்தது யார் தெரியுமா? கூச்சியில் படை நடத்திய அதே மிர்கோவின் மகன் நிக்கோலா. 1910-ல் ராஜா என்றும் முடிசூட்டிக்கொண்டு, 1918 வரை அவரே ஆண்டார்.