ஜெபிக்கும் அம்மா



கேரளத்தில் திருச்சூர் பக்கம் காட்டூர் என்று ஓர் ஊர். அங்கே 1877-இல் பிறந்து கன்னியாஸ்திரியானவர் எவுப்ராசியா அம்மையார். ஒல்லூர் மடத்திலேயே ஏறக்குறைய 48 வருஷம் இருந்தார். எந்நேரமும் ஜெபம், ஊர் ஜனங்கள் வைத்த பெயரே 'ஜெபிக்கும் அம்மா'. 1913-இல் மடத்துத் தலைவியாக்கினார்கள். அம்மாவுக்கோ தயக்கம்! இயேசுவின் திரு இருதயச் சொரூபத்தை மடத்தின் நடுவே வைத்து, தலைமையை அவரிடமே ஒப்படைத்துவிட்டாராம்.

யாராவது சிறு உதவி செய்தால் போதும், "செத்தாலும் மறக்க மாட்டேன்" என்பாராம். 1952-இல் காலமானார், 2014-இல் போப் பிரான்சிஸ் புனிதர் பட்டம் தந்தார். பட்டம் இருக்கட்டுங்க, எனக்குப் பெரிசாப் படுவது அந்த ஒரு வார்த்தைதான். ஆயாக்கொட்டகையில் என்னைத் தூக்கி வளர்த்த ஆயாவிடம் நான் அதைச் சொன்னதே இல்லை. அவங்களும் போய்ச் சேர்ந்துட்டாங்க.