பெரட்டில் நின்றவர்கள் யார்?

இன்று பட்டம் பெறும் ஆசிரியச் செல்வங்களே,

உங்களில் பலர் ஜாசினிலோ மெர்லிமாவிலோ அலோர் காஜாவிலோ ஒரு தமிழ்ப்பள்ளியில் விரைவில் வேலைக்குச் சேரப் போகிறீர்கள். கையில் வரலாற்றுப் பாடநூல் இருக்கும். 2014 முதல் நான்காம் ஆண்டிலேயே வரலாறு தனிப் பாடமாகிவிட்டது. 2013 முதல் அதில் தேறாதவருக்கு எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது. இத்தனை கனமுள்ள பாடத்தில் தோட்டத்துப் பெண்ணுக்கு நீங்கள் எந்த இடம் கொடுக்கப் போகிறீர்கள்? இதைக் கேட்கத்தான் வந்தேன்.

நம் மலாக்கா மாநிலத்திலிருந்தே தொடங்குங்கள். 1896இல் டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். மலாயாவில் ரப்பர் வணிகப் பயிரானது அங்கேதான். தாவரவியலாளர் ரிட்லி அவரைத் தூண்டினார். பிறகு புக்கிட் அசாகானில் பெருந்தோட்டம் எழுந்தது. பிள்ளைகள் இந்த இரண்டு பெயரையும் மனப்பாடம் செய்துவிடுவார்கள். செய்யட்டும். அதன் பிறகு அந்நாளின் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்றவர் யார் என்று கேளுங்கள். இருட்டில் எழுந்து உலை வைத்து, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, முந்நூறு நானூறு மரம் வெட்டி, பால் எடுத்து, வாளிகளைக் காண்டாக் கம்பில் தூக்கிக்கொண்டு நிறுவைக்கு நடந்தவள் யார்? அவளைத் தோட்டத் தொழிலாளியின் மனைவி என்று எழுதிவிட்டுப் போகிறோம். அவளே தொழிலாளி. செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் அவள் பெயரும் இருந்தது.

கணக்குப் பாடத்திலும் அவள் வரட்டும். 1920களின் கடைசியில் மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. மாதம் 26 நாள் வேலை என்றால் அவனுக்கு 13 வெள்ளி, அவளுக்கு 10 வெள்ளி 40 காசு. வருடத்தில் எவ்வளவு குறைகிறது என்று பிள்ளைகளே பெருக்கிப் பார்க்கட்டும். 31 வெள்ளி 20 காசு வரும். அதாவது அவள் மூன்று மாதம் பாடுபட்டுச் சேர்க்கும் கூலி. விடை கண்டுபிடித்த பிள்ளை அடுத்து ‘ஏன்?’ என்று கேட்கும். வரலாற்றுப் பாடம் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. பதிலை நீங்கள் அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள்.

வீராங்கனைகளைச் சொல்லித் தரும்போதும் கவனம் வேண்டும். 1943இல் சிங்கப்பூரில் இந்திய விடுதலைக்காக ஜான்சி ராணி மகளிர் படை அமைந்தது. தலைவி லட்சுமி சுவாமிநாதன். மலாயாவின் பெண்கள் திரண்டு சேர்ந்தார்கள். தோட்டத்துப் பெண்கள் அதில் ஏராளம். இன்று நமக்குத் தெரிந்த பெயர்கள் என்னென்ன? கோலாலம்பூரில் வளர்ந்த ஜானகி ஆதி நாகப்பன். ஈப்போவில் பிறந்த ராசம்மா பூபாலன். இருவரும் போற்றத்தக்கவர்கள். ஜானகி 1946இல் ம.இ.கா.வின் தொடக்கத்திலேயே உடனிருந்தவர். ராசம்மா ஆசிரியையாகி, பெண் ஆசிரியர்களுக்குச் சங்கம் கட்டி, ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் வேண்டுமென்று 1960களில் போராடினார். இன்று இந்த மண்டபத்தில் இருக்கும் பெண்கள் ஆண் ஆசிரியருக்குச் சமமான சம்பளம் வாங்கப் போவதற்குப் பின்னால் அந்தப் போராட்டம் இருக்கிறது. ஆனால் இவ்விருவரும் பள்ளிக்குப் போனவர்கள். பேசவும் எழுதவும் வாய்ப்புப் பெற்றார்கள், ஆகவே நிலைத்தார்கள். அதே துப்பாக்கியைத் தூக்கிய பால்வெட்டுக்காரியின் மகள் தோட்டத்துக்குத் திரும்பி வந்து மறுபடியும் கத்தியைப் பிடித்தாள். அவளிடம் போய்க் கேட்டவர்கள் மிகச் சிலர். பெயர்கள் எப்படி நிலைக்கின்றன, எப்படி அழிகின்றன என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். என் மனத்தில் இதுதான் பெண்கள் வரலாற்றின் முதல் பாடம்.

கசப்பானவையும் உண்டு. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. தொழிலாளர் வைத்த கோரிக்கைகளில் கூலி இருந்தது, பள்ளி இருந்தது, கள்ளுக்கடையை மூடுவது இருந்தது. தங்கள் பெண்களிடம் துரைமாரும் கிராணிமாரும் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும் என்பதும் அதில் ஒன்று. பத்து வயதுப் பிள்ளைக்கு இதை முழுதாக விரிக்க வேண்டாம். இடைநிலைப் பள்ளி மாணவருக்கு மறைக்கவும் வேண்டாம். ஜப்பானியர் ஆட்சியில் சயாம் ரயில் பாதைக்கு ஆண்கள் கொண்டுபோகப்பட்ட காலமும் அப்படித்தான். போனவர்களின் துயரத்தை ஓரளவு எழுதிவிட்டோம். மரவள்ளிக்கிழங்கை அவித்துக் கொடுத்து லயத்தில் பிள்ளைகளைக் காப்பாற்றியவர்களைப் பற்றி நாம் எழுதியது சொற்பம்.

தோட்டங்களோடு நின்றுவிடாமல், காஜா பெராங்கின் கம்போங் சிட்டியையும் மறந்துவிட வேண்டாம். அங்குள்ள, தமிழர் வழிவந்த மலாக்கா செட்டிப் பாட்டிமார் மலாய் பேசுகிறார்கள், கெபாயா அணிகிறார்கள், முன்னோருக்குப் பார்ச்சுப் படையல் வைக்கிறார்கள். அவர்கள் கதையை மலாயிலேயே கேட்டு வாங்கி வாருங்கள். இந்த மலாக்காவில் பிறந்த இபு ஜெயின் 1929இலேயே ஜொகூரில் மலாய் ஆசிரியைகளுக்குச் சங்கம் அமைத்தவர். அவரையும் நம் தமிழ்ப் பிள்ளைகள் அறிய வேண்டும்.

பெண்களைப் பற்றிய பாடத்தைத் தயவுசெய்து மகளிர் தினமான மார்ச் 8ஆம் தேதிக்கு ஒதுக்கி வைக்காதீர்கள். அது மாணவிகளுக்கான பாடம் என்றும் நினைக்காதீர்கள். பாட்டியிடம் கேள்வி கேட்கப் பேரனையும் அனுப்புங்கள். சொல்ல விரும்பாததை வற்புறுத்தக் கூடாது என்பதையும், சொன்னதை எழுத அனுமதி கேட்க வேண்டும் என்பதையும் முதலில் பழக்குங்கள். அவன் நல்ல மகனாகவும் வளர்வான்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போய்விட்டன. சுதந்திரத்துக்கு முன் பால் வெட்டப் போன பெண்களுக்கு இன்று வயது எண்பதைத் தாண்டிவிட்டது. நியமனக் கடிதம் வரும் வரை காத்திருக்காதீர்கள். இந்த வாரமே உங்கள் பாட்டியிடமோ பக்கத்து வீட்டுப் பாட்டியிடமோ போய் உட்காருங்கள். அவர் பெயர், அவர் தாயின் பெயர், எந்தத் தோட்டம், எந்த வயதில் கத்தி பிடித்தார், என்ன கூலி வாங்கினார் என்று கேட்டு, அவர் சொல்வதைச் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். வகுப்பறைக்குள் முதல் நாள் அந்தத் தாளோடு போங்கள்.