கரும்பலகை முதல் வெண்திரை வரை
(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



25 ஆண்டுகளுக்கு முன்னர் நம் சங்கம் ஓர் இரவுப் பாடசாலையாகத் தோன்றியபோது, நம்மிடம் இருந்தவை ஒரு கரும்பலகையும் ஒரு பெட்டி சுண்ணக்கட்டியுமே. இன்று நம் பிள்ளைகள் மடிக்கணினியைத் தோளில் சுமந்து பல்கலைக்கழகம் செல்கின்றனர். 2011 ஆம் ஆண்டு செப்டம்பர் 15 ஆம் நாள் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் நம் தெருவின் பல வீடுகள் அக்கருவியை முதன்முதலாகக் கண்டன. ஆயினும், கருவி கைக்கு வந்தமையாலேயே அதனை அவையில் ஆளும் திறமும் வந்துவிட்டது என்று கொள்ளலாகாது. அது குறித்தே இன்று பேச விழைகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒன்றைக் கூறுகிறோம். நம் மாணவர் ஒருவர், தம் குடும்பத்தில் முதுகலை வகுப்பை எட்டிய முதல்வர், கருத்தரங்கக் கட்டுரை படிக்க எழுந்தார். பல இரவுகள் கண்விழித்து ஆயத்தம் செய்திருந்தார். அவருடைய மடிக்கணினியில் இருந்தது யு.எஸ்.பி.-சி துளை மட்டுமே. வகுப்பறைப் புரொஜெக்டரிலிருந்து வந்ததோ பழைய வி.ஜி.ஏ. கம்பி. பத்து நிமிடங்கள் திகைத்து நின்றார். பின் வரிசையில் சிரிப்பொலி எழுந்தது. அடுத்த மாணவர் அழைக்கப்பட்டார். ஊர் திரும்பிய அவர் எங்களிடம் கூறியது இதுதான்: "பாடம் தெரியும் ஐயா, கம்பிதான் தெரியவில்லை."

அச்சொல் எங்கள் நெஞ்சைச் சுட்டது. பாடத்திட்டத்தில் எழுதப்படாத இத்தகைய அறிவைச் சில வீட்டுப் பிள்ளைகள் தமையனிடமும் தந்தையிடமும் கேட்டே பெற்றுவிடுகின்றனர். நம் வீடுகளில் அதனைச் சொல்லித்தர எவரும் இல்லை. ஆகவே சங்கம்தான் சொல்லித்தர வேண்டும்.

முதலாவதாக, துளைகளை அறிவோம். வி.ஜி.ஏ. என்பது 1987 இல் வந்த 15 ஊசிகள் கொண்ட இணைப்பு. அது படத்தை மட்டுமே கடத்தும், ஒலியைக் கடத்தாது. எச்.டி.எம்.ஐ. இணைப்பு படம், ஒலி இரண்டையும் ஒரே கம்பியில் கொண்டுசெல்லும். இவ்விரண்டையும் வெறும் கம்பியால் பிணைத்தல் இயலாது. இடையே சமிக்ஞையை மாற்றித்தரும் 'கன்வெர்ட்டர்' வேண்டும். யு.எஸ்.பி.-சி துளை இருந்தாலும், எல்லாக் கணினிகளிலும் அது படத்தை வெளியே அனுப்பாது. இதனை வீட்டிலேயே சோதித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவதாக, முறையை அறிவோம். கம்பியைப் பொருத்தியபின் புரொஜெக்டரின் 'சோர்ஸ்' பொத்தானை அழுத்தி, நாம் செருகிய துளையைத் தெரிவு செய்ய வேண்டும். விண்டோஸ் கணினியாயின் விண்டோஸ் விசையுடன் 'பி' விசையைச் சேர்த்து அழுத்தினால் நான்கு வழிகள் தோன்றும். 'டூப்ளிகேட்' என்பது நம் திரையை அப்படியே காட்டும். 'எக்ஸ்டெண்ட்' என்பது நாம் அங்கே நகர்த்தி வைப்பதை மட்டுமே காட்டும். நம் குறிப்புகள் நம் பக்கமே இருக்கும்.

இவ்வேறுபாடு சிறிதன்று. நம் கணினியின் முகப்பில் சாதிச் சான்றிதழும் உதவித்தொகை விண்ணப்பமும் கிடக்கும். வீட்டாரின் செய்திகள் நடுவே வந்து விழும். அவற்றில் வெட்கப்படுவதற்கு ஏதுமில்லை. ஆனால் எதனை அவைக்குக் காட்டுவது என்பதை நாமே முடிவு செய்ய வேண்டும். கம்பி முடிவு செய்யக் கூடாது. அறிவிப்புகளை முன்னரே நிறுத்தி வைப்பீர்களாக.

மூன்றாவதாக, ஒலியும் எழுத்தும். படம் வந்து ஒலி வராவிடில், கணினியின் ஒலி அமைப்பில் வெளியீடு எங்கே செல்கிறது என்று பார்க்க வேண்டும். வி.ஜி.ஏ. வழியாயின் ஒலிபெருக்கிக்குத் தனிக் கம்பி தேவை. தமிழில் ஆயத்தம் செய்வோர், அவ்வெழுத்துரு இல்லாத வேறொரு கணினியில் எழுத்துகள் உருச்சிதையக் கூடும் என்பதை நினைவிற் கொண்டு, எழுத்துருவை உள்ளடக்கிய பி.டி.எஃப். படி ஒன்றைப் பென் டிரைவில் வைத்திருக்க வேண்டும். அச்சிட்ட படி ஒன்றும் கையில் இருக்கட்டும். திரை அணைந்தாலும் உரை அணையலாகாது.

எல்லாவற்றிற்கும் மேலாக, முந்தைய நாளே அவ்வறைக்குச் சென்று பாருங்கள். அங்குள்ள பணியாளரிடம், "ஐயா, இதனை எவ்வாறு பொருத்துவது?" என்று கேளுங்கள். கேட்பது இழுக்கன்று. அக்கருவி நம்முடைய கல்விக்காகவும் வாங்கப்பட்டதே.

அன்பு இளைஞர்களே! அண்ணல் அம்பேத்கர் பள்ளியில் அமர்வதற்கு வீட்டிலிருந்தே சாக்கைச் சுமந்து சென்றார். கணக்கொன்றைச் செய்து காட்ட ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்கு அழைத்தபோது, பலகைக்குப் பின்னே வைத்திருந்த தம் உணவுப் பெட்டிகள் தீட்டாகிவிடும் என்று உடன்பயின்றோர் கூச்சலிட்டனர் என அவர்தம் வரலாறு கூறுகிறது. அதே அம்பேத்கர் 1916 ஆம் ஆண்டு மே 9 ஆம் நாள், தம் 25 ஆம் வயதில், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் இந்தியச் சாதிகளின் தோற்றம் பற்றிய தம் ஆய்வுரையைப் படித்தார். பலகைக்கும் அவைக்கும் முன்னே நிற்கும் உரிமை இவ்வாறு போராடிப் பெறப்பட்டது. ஒரு கம்பியின் பொருட்டு அதனை நாம் இழந்து திரும்பலாமா?

ஆகவே, இவ்வெள்ளி விழா நினைவாகச் சங்க நூலகத்தில் ஒரு பெட்டி வைக்க வேண்டுகிறோம். எச்.டி.எம்.ஐ. கம்பி, யு.எஸ்.பி.-சி இணைப்பான், வி.ஜி.ஏ. கன்வெர்ட்டர், ஒலிக் கம்பி, மின் நீட்டிப்புக் கம்பி ஆகியவை அதில் இருக்கட்டும். புத்தகத்தைப் போலவே பதிவேட்டில் கையொப்பமிட்டு எவரும் எடுத்துச் செல்லலாம். மூத்த மாணவர்கள் மாதம் ஒரு ஞாயிறு மாலை, சங்கக் கூடத்தில் இளையோரைப் பேசவைத்துப் பழக்கட்டும். அன்று திகைத்து நின்ற அம்மாணவரே முதல் வகுப்பை நடத்த இசைந்திருக்கிறார் என்பதை மகிழ்வுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

இனி நம் பிள்ளைகளுள் எவரும் கம்பி தெரியாமல் பாடத்தை விழுங்கித் திரும்பலாகாது.