மலையடியிலிருந்து கடற்கரைக்கு

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் குறளின் பெருமையையும் சிலம்பின் சுவையையும் எடுத்துரைக்கப் புலவர் பெருமக்கள் பலர் வந்திருக்கிறார்கள். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்து, ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலந்தள்ளும் எனக்கு நம் செயலாளர் வேறொரு பணியை இட்டார். "குடும்பத்தோடு மூன்று நாள் விடுமுறையைப் பயனுள்ளதாய்க் கழிப்பது எப்படி என்று பேசும்" என்றார். கால அட்டவணை போடுவதே பிழைப்பாகிவிட்ட எனக்கு இது பொருத்தமான தலைப்புத்தான் என்று ஒப்புக்கொண்டேன்.

நம் காலனியில் விடுமுறை என்றால் அதற்குப் பொருள் ஒன்றே. பாஸ் எழுதி வாங்குவது, மூட்டை கட்டுவது, திருநெல்வேலிக்கோ தஞ்சைக்கோ வண்டியேறுவது. அங்கே ஒரு திருமணம், ஒரு காதுகுத்து, ஒரு நிலத் தகராறு. விடுப்பு தீர்ந்துவிடும். இதனை நான் குறை கூறவில்லை. பெற்ற தாயையும் பிறந்த ஊரையும் மறந்தவன் மனிதனாகான். ஆயினும் ஒன்று கேட்கிறேன். முப்பதாண்டு இங்கே உழைத்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், பிரிவுபசாரக் கூட்டத்தில் பேசும்போது, "ஸ்டேஷன், ஆபீஸ், குவார்ட்டர்ஸ், மலைமேல் பெருமாள், இந்த நான்கைத் தவிர இந்தச் சீமையில் நான் எதையும் பார்த்ததில்லை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பதாண்டு என்பது ஒருவருடைய ஆயுளில் பெரும்பகுதியல்லவா? அதனைக் காத்திருப்போர் அறையில் கழிப்பதுபோல் கழித்துவிடலாமா?

மேல்நாட்டார் தாமே மோட்டாரோட்டிக் கடலோரமாய்ச் செல்லும் பயணத்தைப் பெரிதும் விரும்புகின்றனர். தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் இத்தகைய செலவு பெயர்பெற்றது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் மலை. நடுவில் காட்டுயிர்களும் திராட்சைத் தோட்டங்களும் அத்தோட்டத்து மதுவும். இவற்றைக் காணப் பல ஆயிரம் மைல் பறந்து செல்வோர் உண்டு. மதுவைப் பற்றிப் பின்னர்ச் சொல்கிறேன். மற்ற இரண்டும் நம் வாயிற்படியிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் கிடக்கின்றன என்பதே நான் சொல்ல வந்த செய்தி.

2022ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து திருப்பதி தனி மாவட்டமாயிற்று. அப்பொழுது நெல்லூர் மாவட்டத்தின் பகுதியாயிருந்த சூளூர்ப்பேட்டையும் இதனோடு சேர்ந்தது. ஆகவே ஏழுமலையை மட்டும் உடைய மாவட்டம் ஏரியையும் கடலையும் உடைய மாவட்டமாயிற்று. இந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்தோம், மடித்து வைத்துவிட்டோம்.

இனிப் பாதையைச் சொல்கிறேன். சாலைப் படத்தைவிட ஆற்றை நினைவில் வைத்துக்கொள்வது எளிது. சந்திரகிரி மலைப்பக்கம் பிறந்து நம் ஊரையொட்டிச் செல்லும் சுவர்ணமுகி, அதாவது நம் முன்னோர் பொன்முகலி என்று வழங்கிய ஆறு, காளத்தியைத் தழுவி, நாயுடுப்பேட்டை வழியே கடலுக்குச் செல்கிறது. போகும்போது இந்த ஆறு வழிகாட்டி. திரும்பும்போது ஆரணியாறு வழிகாட்டி. நாகலாபுரத்து மலைப்பக்கத்திலிருந்து வரும் அந்த ஆறு ஊத்துக்கோட்டை, பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டு ஏரியில் கலக்கிறது. ஓராற்றோடு இறங்கி மற்றோராற்றோடு ஏறி வீடு வந்து சேரலாம். மொத்தம் 400 கிலோமீட்டருக்குள் அடங்கும். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடும் காருக்கு 25 லிட்டர் எண்ணெய் போதும்.

முதல் நாள் விடியற்காலை 6 மணிக்குப் புறப்பட வேண்டும். காளத்திநாதரை வண்டியிலிருந்தே வணங்கிச் செல்லுங்கள். கோயிலுக்குள் நுழைந்தால் அரை நாள் கழிந்துவிடும். அதற்குத் தனியே ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம். நாயுடுப்பேட்டையில் பெருஞ்சாலையில் ஏறித் தெற்கே திரும்பினால், சூளூர்ப்பேட்டைக்கு முன்னதாகவே தொரவாரிசத்திரத்தின் அருகில் நேலப்பட்டுக்குப் பாதை பிரிகிறது. 1976ஆம் ஆண்டிலிருந்து அது பறவைகள் சரணாலயம். ஏரி நீருக்குள் கடம்ப மரங்கள் நிற்கின்றன. அம்மரங்களில் கூழைக்கடாக்கள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. நத்தைக்கொத்தி நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகம், இராக்கொக்கு ஆகியவையும் கூடவே குடியிருக்கும். பறக்கும்போது கூழைக்கடாவின் இறக்கைச் சத்தம் தலைக்கு மேல் கேட்கும். குழந்தைகள் கூச்சலிடலாகாது. ஒருமுறை தாய்ப்பறவை மிரண்டு எழுந்தால், அந்த இடைவெளியில் காகம் முட்டையைக் கொண்டுபோய்விடும்.

பிற்பகல் சூளூர்ப்பேட்டையில் இளைப்பாறிவிட்டு, வெயில் தாழ்ந்தபின் ஸ்ரீஹரிகோட்டாச் சாலையில் செல்லுங்கள். ஏரியின் குறுக்கே போடப்பட்ட சாலை அது. இருபுறமும் நீர். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாகப் பெரியது நம் பழவேற்காட்டு ஏரி. அதன் ஆழமில்லாத நீரில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் நிற்கும். தலையைக் கவிழ்த்து, அலகை நீரில் அலசி, சல்லடையால் சலிப்பதுபோல் சிற்றுயிர்களைச் சலித்துண்ணும். அவ்வுணவிலுள்ள நிறப்பொருளே அவற்றின் இளஞ்சிவப்புக்குக் காரணம். பிறந்த குஞ்சு சாம்பல் நிறமாகவே இருக்கும். இந்தியாவில் இவை பெருந்தொகையாய்க் கூடு கட்டும் இடம் கட்ச் நாட்டு உப்பு வெளி. நம்மைப் போலவே பிழைப்பைத் தேடி வந்தவை என்று வைத்துக்கொள்ளுங்களேன்! இவற்றுக்காக 2001இல் தொடங்கிய விழா சில ஆண்டுகள் நின்றிருந்து, 2025 ஜனவரியில் மீண்டும் மூன்று நாள் நடைபெற்றது.

சாலையின் முடிவில் விண்வெளி நிலையத்தின் வாயில் வந்துவிடும். அனுமதியின்றி உள்ளே போக முடியாது. 1971 அக்டோபர் 9ஆம் நாள் ரோகிணி என்னும் சிறு ராக்கெட்டோடு அங்கே பணி தொடங்கிற்று. 2023 ஜூலை 14இல் சந்திரயான்-3 புறப்பட்டதும் அங்கிருந்துதான். ஏவுதலைக் காண 2019இல் பார்வையாளர் கூடம் திறந்திருக்கிறார்கள். முன்பதிவு செய்துகொண்டு போகலாம். நம் பிள்ளைகள் கைப்பேசியில் கண்ட நெருப்பை நேரில் காணட்டும். ஆனால் ஏவுநாளில் சாலை நிரம்பி வழியும். பறவையைக் காணும் நாளும் ராக்கெட்டைக் காணும் நாளும் ஒன்றாக வேண்டாம்.

இரண்டாம் நாள் பெருஞ்சாலை வழியே தடா, கும்மிடிப்பூண்டி கடந்து, பொன்னேரியிலிருந்து கிழக்கே திரும்பினால் பழவேற்காடு. 1613இல் டச்சுக்காரர் அங்கே கெல்திரியாக் கோட்டையைக் கட்டினர். 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு அதுவே தலைநகர். துணி ஏற்றினார்கள், வெடிமருந்து செய்தார்கள், மனிதரையும் அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். இன்று கோட்டை மண்மேடாயிற்று. கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்பொருள் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. வாயிலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். செல்வம் தேடிக் கடல் கடந்து வந்தவர் முடிவை அக்கல் காட்டிநிற்கிறது. பழவேற்காட்டில் பெரிய விடுதிகளை எதிர்பார்க்க வேண்டாம். இரவு பொன்னேரியிலோ கும்மிடிப்பூண்டியிலோ தங்குவது நலம்.

அங்கே ஒரு துயரத்தையும் மறவாமல் சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 25ஆம் நாள், விடுமுறைக்கு வந்த குடும்பத்தார் ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். அளவுக்கு மீறி ஆளேற்றிய மீன்பிடி படகு அது. ஆகவே "பத்தே நிமிடம், அக்கரைக்குப் போய் வரலாம்" என்று யார் அழைத்தாலும் ஏறாதீர்கள். முகத்துவாரத்தின் அருகே குளிக்கவும் வேண்டாம். அவ்வாயில் மணலால் தூர்ந்து போவதும் திறப்பதுமாக நீரோட்டம் மாறிக்கொண்டேயிருக்கும். அதனை நம்பிப் பிழைக்கும் மீனவர்களே அஞ்சும் இடம் அது.

அந்த மீனவர்களிடம் நாம் கற்க வேண்டியதொன்று உண்டு. ஏரியில் எந்த இடத்தில் யார் என்று வலையிடுவது என்பதை முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்வர். 'பாடு' என்பது அதன் பெயர். இன்று உனக்கு நல்ல இடம், நாளை எனக்கு. வீட்டுக் குழாயடியில் நாம் செய்யத் தவறுவதை அவர்கள் நீரின் நடுவில் செய்துவருகிறார்கள்.

மூன்றாம் நாள் ஆரணியாற்றுப் பக்கமாகத் திரும்புவது. பெரியபாளையம், ஊத்துக்கோட்டை கடந்தால் எல்லை. அப்பால் சுருட்டப்பள்ளி, அங்கே சிவபெருமான் பள்ளிகொண்ட கோலத்தில் இருக்கிறார். பின்னர் நாகலாபுரம், கிருஷ்ணதேவராயர் தம் தாயார் பெயரால் அமைத்த ஊர். பிச்சாட்டூரில் ஆரணியாற்று அணை. பிறகு புத்தூர், வீடு.

இந்த எல்லையைப் பற்றி நம் காலனிப் பெரியோர் திண்ணையில் இன்றும் வாதிடுவதைக் கேட்டிருக்கிறேன். 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி சென்னை மாநிலத்துக்குச் சென்றது. செங்கற்பட்டு மாவட்டத்துச் சத்தியவேட்டுப் பக்கத்துச் சிற்றூர்கள் ஆந்திரத்துக்கு வந்தன. வேங்கடம் தமிழ் நிலத்தின் வட எல்லை என்று தொல்காப்பியப் பாயிரம் கூறுவதும் மெய்யே. ஆனால் மூன்றாம் நாள் வழியில் தேநீர் குடிக்க நிற்கும் கடையில், ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிப்பவர்களைக் காண்பீர்கள். அவர்களுக்கு எல்லை வழக்கு முடிந்து நெடுநாளாயிற்று. ஏரியும் அவ்வாறே. பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்முனை தமிழகத்தில். பூநாரை எந்த மாநிலத்துப் பறவை என்று யார் சொல்வார்?

இனி மது. பண்டை யவனர் தம் நாட்டுத் திராட்சை மதுவைச் சாடிகளில் கொண்டுவந்தனர் என்பதற்கு, 1945இல் அரிக்கமேட்டு அகழாய்வில் கிடைத்த ஓட்டாஞ்சில்லுகள் சான்று. அது வரலாறு. நம் பயணத்துக்கு அது வேண்டியதில்லை. வண்டியோட்டுபவரின் இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் சாராயச் சத்து இருந்தால் குற்றம். 2019இல் திருத்தப்பட்ட சட்டப்படி முதன்முறைக்கே 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கும். மாநில எல்லையில் புட்டியோடு பிடிபடுவது வேறு தொல்லை. சட்டம் கிடக்கட்டும், பின்னிருக்கையில் உறங்கும் குழந்தையை நினைத்தாலே போதும். கோடை நெருங்கும்போது வழியெல்லாம் நுங்கும் பதநீரும் கிடைக்கும். எங்கள் வண்டிக்கு அதுவே திராட்சை ரசம்!

திட்டமிடுவோர்க்குச் சில குறிப்புகள். காலம் ஜனவரி, பிப்ரவரி. நவம்பரிலும் டிசம்பரிலும் புயலுக்கு அஞ்ச வேண்டும். 2021 நவம்பரில் நம் ஊர் வெள்ளத்தில் பட்ட பாட்டை எவரும் மறந்திருக்க முடியாது. வாடகைக் காரைத் தாமே ஓட்டுவதாயின், கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்துள்ள வண்டியையே எடுங்கள். நண்பரின் சொந்தக் காரைக் கூலி பேசி எடுப்பது சட்டத்துக்குப் புறம்பு. விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக்காரர் கைவிரித்துவிடுவார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கால் மணி நேரம் நிறுத்துங்கள். ரயில் அட்டவணையில் தாமதத்தை ஈடுகட்டச் சிறிது நேரம் ஒதுக்கி வைப்போம். குடும்ப அட்டவணைக்கு அது இரு மடங்கு வேண்டும்; ஏனெனில் எஞ்சினுக்குப் பசிப்பதில்லை, பிள்ளைகளுக்குப் பசிக்கும்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். வருகின்ற ஜனவரியில் நம் சங்கத்தின் சார்பில் நான்கு கார்கள் புறப்படட்டும். வயது முதிர்ந்தோர்க்கு முன்னிருக்கை. ஒவ்வொரு வண்டியிலும் பக்கத்து வீட்டுத் தெலுங்குக் குடும்பத்தாரில் ஒருவரையாவது அழைத்துச் செல்வோம். பூநாரைக்கு அவர்கள் மொழியில் ராஜஹம்ஸ என்று பெயர். நாம் அதையும் தெரிந்துகொள்வோம். அவர்கள் நம் சொல்லையும் தெரிந்துகொள்ளட்டும்.

நம் பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள். "உன் சொந்த ஊர் எது?" என்று கேட்டால் தயங்கி, தாத்தாவின் ஊரைச் சொல்கிறார்கள். அந்த ஊரை அவர்கள் ஆண்டுக்கு ஐந்து நாள் பார்த்திருப்பார்கள். தாத்தாவின் ஊரை அவர்கள் மறக்க வேண்டாம். அதனோடு கூட, தாம் பிறந்த மண்ணின் மலையையும் ஆற்றையும் ஏரியையும் பேர் சொல்லிக் காட்டத் தெரிந்தவர்களாய் வளரட்டும். அதற்குப் பெற்றோராகிய நாம் செய்ய வேண்டியது மூன்று நாள் விடுப்பு எழுதுவதே. விடுப்பு விண்ணப்பம் எழுதத் தெரியாதவர் என்னிடம் வாருங்கள்; அது ஒன்றில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.